அடுத்த பகுதியைப் பார்க்கவும்

எனக்கு மூக்குமேல் கோபம் என்று தெருவில் சொல்வார்கள். சுத்தப் பொய். கோபம் எனக்கு நாக்கில். மூக்கில் இருப்பது மூக்கு மட்டும்தான், அதுவும் லேசுப்பட்ட மூக்கு இல்லை. ஒரு துணியை முகர்ந்தே அது பெட்டிக்குள் எத்தனை மாதம் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாகத் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. அப்பேர்ப்பட்ட என் மூக்குக்கு, தங்கச்சி வந்து படுத்த மூன்றாவது வாரம், பின்னறையில் கேஸ் வாடை அடித்தது.

தங்கச்சிக்கு எட்டாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "படுத்தே இருக்கணும். பாத்ரூமுக்குப் போறதைத் தவிர எந்திரிக்கக் கூடாது. வண்டியில ஏறக் கூடாது. உடம்பு குலுங்கவே கூடாது." அவள் புருஷன் கப்பலில் இருக்கிறான், வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். ஆகவே என் வீட்டுப் பின்னறையில் கட்டிலைப் போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தேன்.

அவளிடம் கேட்டேன். "ஏண்டி, வாடை வருதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையேக்கா. காலையில எந்திரிச்சா தலைதான் வலிக்குது."

என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பயனில்லை. சளியிலேயே பாதி ஆயுளைக் கழித்த மனிதர். கருவாட்டையும் ரோஜாப்பூவையும் ஒன்றாக வைத்து முகரச் சொன்னாலும் இரண்டும் ஒன்றுதான் என்பார்.

எங்கள் தெருவுக்குக் குழாயில் கேஸ் விடும் கம்பெனிக்குச் சொன்னேன். மூன்று தடவை ஆள் வந்தது. கையில் ஒரு கருவி. அடுப்பில் வைத்தார்கள், குழாயில் வைத்தார்கள், மீட்டரில் வைத்தார்கள். பின்னறையில் குழாயே இல்லை என்று அங்கே மட்டும் வைக்கவில்லை. மூன்று தடவையும் பூஜ்யம். "இந்த வீட்டு லைன்ல கசிவு இல்லைக்கா" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவதாக வந்தவன் சிரித்துக்கொண்டே, "மாசமா இருக்கறது தங்கச்சி, வாடை புடிக்கிறது அக்காவா?" என்றான். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். ஆள் படியிறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று என் வாசலிலேயே தங்கிவிட்டது.

சிரிப்பதெல்லாம் இருக்கட்டும். எனக்குத் தூக்கம் போய்விட்டது. வாடை நிஜமென்றால் அவளை அங்கிருந்து தூக்க வேண்டும். என் பிரமை என்றால் தூக்கவே கூடாது. தூக்கினால் பிள்ளைக்கு ஆபத்து. தூக்காவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. என் மூக்கை நம்பி எந்த ஆம்புலன்ஸ் வரும்? எனக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: அந்த அறைக்குக் கீழே மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும்.

நூல்கண்டுச் சீட்டில் இருக்கும் பொடி எழுத்துகளை வாசித்து வாசித்துப் பழகிய கண் எனக்கு. கம்பெனிச் சீட்டின் பின்பக்கத்தில், எறும்பு வரிசைபோல், ஒரு வரி இருந்தது. 'பாதுகாப்புப் பதிவேடுகளைப் பொதுமக்கள் எவரும் அலுவலக நேரத்தில் கேட்டுப் பார்வையிடலாம்.' அடுத்த நாளே தங்கச்சிக்குக் காவலாக வீட்டுக்காரரை உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பதிவேட்டு அறை கம்பெனிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நடைபாதையின் கடைசியில் இருந்தது. நீளமான ஒரு மேசை, மூன்று நாற்காலிகள். நாற்காலிகளைக் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. அதற்குப் பின்னால் கூரைவரை இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றிலும் அட்டைப் பெட்டிகள். நடுவில் ஒரு கல்லுளிமங்கன் உட்கார்ந்திருந்தார். அவர்தான் பதிவேட்டுக்காரர்.

"எங்க தெருப் பதிவேடு வேணும்" என்றேன்.

"தெருப் பேர்ல இங்க ஒண்ணும் கிடையாது. வால்வு நம்பர் சொல்லுங்க."

"வால்வு நம்பர் எனக்கு எப்படிங்க தெரியும்?"

"உங்க லைன் போற இடத்துல, ரோட்டுல இரும்பு மூடி இருக்கும். அதுல போட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் பேனாவைத் திறந்து மூடினார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். திரும்பி வந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. பின்னறைச் சுவர் அந்தச் சந்தை ஒட்டித்தான் இருக்கிறது. கேஸ் குழாயும் அதில்தான் போகிறது. அங்கே மண்டியிட்டுத் தையல் பிரிக்கும் ஊசியால் சேற்றைச் சுரண்டினேன். ஒரு மூடி என் சுவர் ஓரம். இன்னொரு மூடி சந்துக்கு எதிர்ப்பக்கம். இத்தனை வருஷம் குப்பை கொட்டப் போகும்போதெல்லாம் அவற்றை மிதித்திருக்கிறேன்.

சைக்கிளில் போன ஒருவர் நின்று, "என்னம்மா தொலைச்சீங்க?" என்றார்.

"பொறுமையை" என்றேன். அவர் பெடலை வேகமாக மிதித்துப் போய்விட்டார்.

மறுநாள் காலை படிவத்தில் இரண்டு நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டுக்காரர் ஒன்றைப் பேனாவால் அடிக்கப் போனார்.

"உங்க வீடு இந்தப் பக்கம். இந்த ஒரு பெட்டி போதும். மத்தது வேற பகுதி. எல்லை அந்தச் சந்து நடுவுல போகுது."

"எனக்கு ரெண்டும் வேணும்."

"எதுக்கு?"

எதற்கென்று எனக்கே தெரியாது. முந்தின நாள் என்னை அலையவிட்டதற்கு அவரைக் கொஞ்சம் அலையவிட வேண்டும், அவ்வளவுதான். "'பொதுமக்கள் எவரும்'னு போட்டிருக்கே. ஒரு பெட்டிக்கு மேல கூடாதுன்னு போட்டிருக்கா?" என்றேன்.

அவர் விதிப்புத்தகத்தை எடுத்து, விரலை வைத்து, வரி வரியாக வாசித்தார். "போடலை" என்றார், மருந்து குடித்த முகத்தோடு. எழுந்து போய் ஒரு பெட்டியை இடப்பக்க அலமாரியிலிருந்தும் இன்னொன்றை அதற்கு நேரெதிர் அலமாரியிலிருந்தும் தூக்கி வந்தார்.

முதலில் என் பக்கத்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே டிரேசிங் பேப்பர். நாங்கள் சட்டைக்கு அளவு வெட்டி வைப்போமே, அதே மெல்லிய தாள். வருஷத்துக்கு ஒன்றாக இருபத்தாறு தாள்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால், அளவெடுத்து, எங்கள் சந்து வரையப்பட்டிருந்தது.

முதல் தாளில் என் வீடு இல்லை. வெறும் கட்டம். அதில் பொடியாக எழுதியிருந்தது: 'காலி மனை. பூனை குட்டி போட்டிருக்கிறது. துளையிடும்போது கவனம்.' நான்காம் தாளில் என் வீடு வந்துவிட்டது. ஒன்பதாம் தாளில் 'பின்னறை புதிதாகக் கட்டப்பட்டுள்ளது' என்று இருந்தது. ஆமாம், அந்த வருஷம்தான் கட்டினோம். பின்கதவுப் படி எத்தனை அங்குலம், சாக்கடை மூடி எங்கே, சுவரில் விரிசல் எங்கே, எல்லாம் இருந்தது. பதினேழாம் தாளில் என் செம்பருத்தி: 'பாதி காய்ந்துள்ளது. தண்ணீர்க் குறைவு அல்ல. விரல் விட்டுப் பார்த்தேன், மண் ஈரமாக உள்ளது.'

அடக் கடவுளே! அந்தச் செடி சாகக் கிடந்தபோது குடம் குடமாக ஊற்றி, நன்றிகெட்ட செடி என்று திட்டியவள் நான். நான் முன்னறையில் மிஷினைக் கடகடவென்று ஓட்டிக்கொண்டிருந்தபோது, பின்வாசலில் யாரோ ஒரு ஆள் மண்டியிட்டு என் செடிக்கு மண் தொட்டுப் பார்த்திருக்கிறான். வருஷா வருஷம் வந்திருக்கிறான். நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. என்னைப் பெற்றவளுக்குக்கூட என் பின்படி எத்தனை அங்குலம் என்று தெரியாது.

"இந்தக் கோடு என்னங்க?" என்று கேட்டேன். பதினாறாம் தாளிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு வளைகோடு இருந்தது. சந்தின் நடுவில், தாளின் ஓரத்தில் கிளம்பி, வில்போல் வளைந்து, மறுபடி அதே ஓரத்தில் போய் முடிந்தது.

பதிவேட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "மண்ணுல வரிசையா துளை போட்டு, கருவியை விட்டு, எங்க எவ்வளவு கேஸ் இருக்குன்னு பாப்பாங்க. மண்ணுல கேஸ் எதுவரைக்கும் வந்திருக்கோ, அந்தப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுப்பாங்க. கசிவு அந்தக் கோட்டுக்கு உள்ள எங்கயோ இருக்கும்."

"அப்ப கசிவு இருக்கா?"

"கீழ எழுதியிருக்கும் பாருங்க."

எழுதியிருந்தது. பதினோரு தாள்களிலும் ஒரே வாக்கியம். 'எங்கள் எல்லைக்குள் அளவு வரம்புக்குக் கீழ். மையம் எல்லைக்கு அப்பால். அடுத்த பகுதியைப் பார்க்கவும்.'

அடுத்த பகுதிப் பெட்டியைத் திறந்தேன். அதே அளவுத் தாள்கள், ஆனால் வேறு கை: ஊதா மை, குண்டு குண்டான எழுத்து. சந்தின் எதிர்ப்பக்கம். அதிலும் பதினோரு வருஷமாக ஒரு வளைகோடு. அடியில் அதே வாக்கியம், ஒரு சொல் மாறாமல். 'அடுத்த பகுதியைப் பார்க்கவும்.'

மேசையில் இடது பக்கம் ஒரு பாதி, வலது பக்கம் ஒரு பாதி. எந்தத் தையல்காரிக்கும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கை வராது. இந்த வருஷத் தாள்கள் இரண்டையும் எடுத்து, ஓரத்தோடு ஓரம் வைத்து, விரலால் அழுத்தி நகர்த்தினேன். பென்சில் கோடு வந்து ஊதாக் கோட்டின்மேல் உட்கார்ந்தது. மேலேயும் உட்கார்ந்தது, கீழேயும் உட்கார்ந்தது. நூலிழை பிசகவில்லை. முழு வட்டம்.

போன வருஷத்தை எடுத்தேன். வட்டம். அதற்கு முந்தின வருஷம், வட்டம். பதினோரு ஜோடி. என் கடையில் ஒரே கையால் வெட்டிய இரண்டு துண்டுகளே சில நாள் சேர மறுக்கும். இங்கே முகம் தெரியாத இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் நின்று வரைந்தது இப்படி வந்து சேர்கிறது. இதை எங்கே போய்ச் சொல்வது!

பதிவேட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தார். நான் கேட்காமலே அந்த ஜோடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். வெளிச்சத்தில் பதினோரு வட்டங்களும் தெரிந்தன. குளத்தில் கல்லைப் போட்டதுபோல் ஒன்றுக்கு வெளியே ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுப்புள்ளி ஒன்றே: எல்லைக்கோட்டின் மேலேயே, இரண்டு தாளிலும் சேராத இடத்தில்.

"இருபத்தாறு வருஷமா இந்த ரெண்டு பெட்டியும் எதிரும் புதிருமா இருக்கு" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. "நான்தான் தினமும் தூசி தட்டுறேன்."

எல்லாவற்றுக்கும் வெளியே இருந்தது இந்த வருஷத்து வட்டம். அது என் பின்னறைச் சுவரைத் தொட்டது. வீட்டுக்குள் துளை போட முடியாது என்பதால் அதற்கப்பால் அந்த ஆள் புள்ளிக்கோடு போட்டிருந்தார். புள்ளிக்கோடு சுவரைத் தாண்டி, அறைக்குள் வந்து, தங்கச்சியின் கட்டில் கிடக்கும் இடத்தின் கீழே போனது. தாளின் தேதி ஐந்து மாதத்துக்கு முந்தியது.

"அந்த அறையில யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"தங்கச்சி. எட்டு மாசம். உடம்பு குலுங்கக் கூடாது."

அவர் தொலைபேசியை எடுத்து இரண்டு வால்வு நம்பர்களையும் சொன்னார். "ரெண்டையும் மூடுங்க. கசிவு நடுவுல, எல்லையில. வீட்டுக்குள்ள ஆள் இருக்கு. கர்ப்பிணி, குலுக்காம தூக்கணும்." வைத்துவிட்டு, நான் கைபேசியை எடுப்பதைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்கு அடிக்காதீங்கம்மா! ஒரு சின்னப் பொறி போதும். போனும் வேண்டாம், சுவிட்சும் வேண்டாம்."

அப்போதுதான் எனக்கு உயிரே போய்விட்டது. காவலுக்கு வைத்துவிட்டு வந்த மனிதர் மணிக்கொரு டீ போடுகிறவர். இப்போது அந்த மணிதான் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய ஸ்கூட்டரிலேயே போனோம். கல்லுளிமங்கன் என்று நான் பெயர் வைத்த மனிதர் அன்று ஓட்டிய ஓட்டத்தில் என் கொண்டை அவிழ்ந்து போயிற்று. தெருமுனையில் கயிறு கட்டியிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் நான்கு பேர், மெத்தையின் நான்கு மூலைகளையும் பிடித்து, தங்கச்சியைப் படுத்த வாக்கிலேயே வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் காலெடுத்து வைத்தார்கள். தளும்பத் தளும்பத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கி வருவதுபோல் இருந்தது. பின்னாலேயே என் வீட்டுக்காரர் காலி டீப் பாத்திரத்தோடு வந்தார்.

"டீ போடலாம்னு குச்சியை உரசப் போனேன். இந்தக் கம்பெனிக்காரரு தீப்பெட்டியைப் புடுங்கிட்டாரு. என்ன மரியாதை இது?" என்றார் என்னைப் பார்த்ததும்.

நடுத்தெருவில் அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழுதேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை என்பதால் அவர் பயந்துவிட்டார்.

தெருமுனை வீட்டில் தங்கச்சியைக் கிடத்தினோம். சாயங்காலம் டாக்டரம்மா வந்து, வயிற்றில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டாள். தங்கச்சி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். "துடிப்பு நல்லா இருக்கு. உங்க ரெண்டு பேரைவிட அதுதான் நிதானமா இருக்கு" என்றாள் டாக்டரம்மா.

மறுநாள் சந்தைத் தோண்டினார்கள். வட்டத்தின் நடுப்புள்ளி எங்கே இருந்ததோ, சரியாக அங்கே, குழாய் சந்தைக் குறுக்கே கடக்கும் இடத்தில், இணைப்பு விட்டிருந்தது. ஒரு சாண்கூடத் தள்ளி இல்லை. என் பின்னறைத் தரையில் ஒரு துளை போட்டுக் கருவியை விட்ட இன்ஜினியரம்மா அதன் முள்ளைப் பார்த்துவிட்டு, எல்லோரையும் இன்னும் இருபது அடி தள்ளி நிற்கச் சொன்னார்.

"எத்தனை நாள் தாங்கியிருக்கும்மா?" என்று கேட்டேன்.

"அதை மட்டும் கேக்காதீங்க" என்றார்.

மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள். என் பக்கத்திலிருந்து ஒருவர், உயரம், முழங்காலில் தோல் பட்டை கட்டியிருந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர், குள்ளம், சட்டைப்பையில் ஊதா மைக் கறை. குழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, உள்ளே பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்கதானா அந்தப் பக்கம்?" என்றார் உயரமானவர்.

"நீங்கதானா?" என்றார் மற்றவர். வேறொன்றும் பேச அவர்களுக்கு வரவில்லை.

எனக்கு வந்தது. இருபது நாளாகச் சேர்த்து வைத்த வசவு; யாரிடமாவது இறக்க வேண்டாமா? "ஏங்க, உங்க கைக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம், அப்படி வரைஞ்சிருக்கீங்க. ஆனா பதினோரு வருஷம்! நாலடி சந்து. தாண்டிப் போய் எதிர்ப்பக்கத் தாளை ஒரு தடவை பாத்திருந்தா என்ன குறைஞ்சா போயிருப்பீங்க?" என்று சத்தம் போட்டேன்.

உயரமானவர் கோபப்படவில்லை. "எங்களுக்குக் காட்டமாட்டாங்கம்மா" என்றார். "எங்க பகுதிப் பெட்டியை மட்டும்தான் நாங்க திறக்கலாம். நான் மூணு தடவை கேட்டேன். அது உன் எல்லை இல்லைன்னுட்டாங்க. இவரு எத்தனை தடவை கேட்டாரோ."

"ரெண்டு தடவை" என்றார் குள்ளமானவர்.

"அப்புறம் யாரைப் பாக்கச் சொல்லி 'அடுத்த பகுதியைப் பார்க்கவும்'னு வருஷா வருஷம் எழுதினீங்க? உங்க ஆபீசருக்கா?"

"ஆபீசருக்கும் ஒரு பெட்டிதாம்மா. ரெண்டையும் ஒரே மேசையில வைன்னு கேக்கிற உரிமை பொதுமக்களுக்கு மட்டும்தான் இருக்கு." அவர் முழங்கால் பட்டையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "யாராவது ஒருத்தர் வருவாங்க, வந்து கேப்பாங்கன்னு, உங்களுக்குத்தான் எழுதினேன்."